பக்கத்து ஆலையில் மெஷின் இறங்கிய பிறகுதான் தெரிகிறது

கேள்வி: பண்ருட்டி அருகே அப்பா தொடங்கிய முந்திரி ஆலையை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். உள்ளூர்க் கொட்டையோடு ஆப்பிரிக்கக் கொட்டையும் வாங்கி உடைக்கிறோம். தானியங்கி மெஷின், கலர் சார்ட்டர் என்று எது புதிதாக வந்தாலும் பக்கத்து ஆலையில் இறங்கிய பிறகுதான் எனக்குத் தெரிகிறது. அவசரப்பட்டு வாங்கிய உடைக்கும் மெஷின் ஒன்று, பருப்பை நொறுக்குகிறது என்று ஓரமாக நிற்கிறது. உலகத் தொழில்நுட்பச் செய்திகளைத் தினமும் திரட்டித் தரும் மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா கட்டுங்கள் என்கிறார் ஓர் ஆலோசகர். "நாம என்ன மருந்து கம்பெனியா?" என்கிறார் அப்பா. எங்களைப் போன்ற ஆலைக்குத் தொழில்நுட்பக் கண்காணிப்பு தேவையா? எங்கிருந்து தொடங்குவது?

— வாசகி, பண்ருட்டி

பதில்: கட்டாயம் தேவை. காரணத்தை உங்கள் தொழிலின் அண்மைக் கால வரலாறே சொல்கிறது. முந்திரிப் பருப்பு ஏற்றுமதியில் பல பத்தாண்டுகள் இந்தியாதான் முதலிடத்தில் இருந்தது. 2006-ல் அந்த இடம் வியட்நாமுக்குப் போனது, இன்னும் அங்கேயே இருக்கிறது. கொட்டை உடைப்பதையும் தோல் உரிப்பதையும் அவர்கள் படிப்படியாக மெஷினுக்கு மாற்றினார்கள். அந்த மெஷின்களைத் தங்கள் நாட்டிலேயே செய்து, திருத்தி, மறுபடி செய்தார்கள். கொல்லமும் பண்ருட்டியும் நெடுங்காலம் கைத்திறனையே நம்பியிருந்தன. வியட்நாமில் நடந்தது ஒரே இரவில் வந்த மாற்றம் அல்ல. போய்ப் பார்த்தவர் கண்ணில் படும்படி, ஆண்டுக்கணக்கில் நடந்தது.

அதே 2006-ல் ஸ்பெயின் நாடு தொழில்நுட்பக் கண்காணிப்புக்கென்றே ஒரு தேசியத் தரநிலையை வெளியிட்டது. 2021-ல் ஐ.எஸ்.ஓ. 56006 என்ற பன்னாட்டு வழிகாட்டியும் வந்துவிட்டது. மருந்து கம்பெனிக்கு மட்டும் உரிய வேலை இது என்று யாரும் வரையறுக்கவில்லை.

ஆனால் அந்தச் சந்தாவை இப்போது கட்டாதீர்கள். உங்களுக்குச் செய்தி குறையவில்லை. எந்த முடிவுக்காகச் செய்தி தேடுகிறோம் என்பதுதான் இன்னும் எழுதப்படவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளில் பணம் போட வேண்டிய, அல்லது போடாமல் இருக்க வேண்டிய விஷயங்கள் எவை? அவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றுக்கு மேல் போனால் மிச்சத்தை அடித்துவிடுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தவரை நான் எழுதும் மூன்று இவை.

முதலாவது, உடைப்பு. உங்கள் மெஷின் ஓரமாக நிற்பதற்கு மெஷினே காரணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். தானியங்கி வெட்டும் மெஷினுக்குப் போகும் கொட்டை முதலில் அளவுவாரியாகப் பிரிக்கப்பட வேண்டும், ஒவ்வோர் அளவுக்கும் கத்தியின் இடைவெளி தனி. ஐவரி கோஸ்ட், பெனின், தான்சானியா கொட்டைகளுக்கும் நம் செம்மண் காட்டுக் கொட்டைக்கும் அளவும் ஓட்டின் தடிப்பும் ஈரப்பதமும் வேறு வேறு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி, ஒரே நேரம் ஆவியில் அவித்து, ஒரே கத்தியில் விட்டால் பருப்பு நொறுங்கத்தான் செய்யும். ஆகவே "புதிய மெஷின் என்ன வந்திருக்கிறது?" என்ற கேள்வி உங்களுக்கு உதவாது. "நான் வாங்கும் கலவைக் கொட்டையில் முழுப்பருப்பு விகிதத்தை உயர்த்துவது எது? அளவு பிரிப்பதா, அவிப்பதா, கத்தியா?" என்று கேளுங்கள். டபிள்யூ 320 தர முழுப்பருப்புக்கும் உடைசலுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, ஓடு. உங்கள் ஊரில் இதைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம். கொட்டையின் எடையில் பருப்பு ஏறத்தாழக் கால் பங்குதான், மீதியில் பெரும்பகுதி ஓடு. அதைக் கொதிகலனில் எரிக்கிறோம், அல்லது எண்ணெய் எடுப்பவருக்கு மலிவாகத் தள்ளிவிடுகிறோம். ஓட்டு எண்ணெயைச் சூடேற்றிப் பதப்படுத்தி வடித்தால் கிடைக்கும் கார்டனால், வாகனங்களின் பிரேக் லைனிங்குக்கான பிசினிலும் பெயின்டிலும் சேர்கிறது. அதிலிருந்து செய்யப்படும் ஃபீனால்கமின், எபாக்ஸி பெயின்டைக் குளிரிலும் ஈரத்திலும்கூட இறுகச் செய்வதால் கப்பல் பூச்சுக்குப் பயன்படுகிறது. ஓட்டு எண்ணெயிலிருந்து இப்படிப் பொருள்கள் செய்வதையே முதன்மைத் தொழிலாகக் கொண்ட கார்டோலைட் என்ற அமெரிக்க நிறுவனத்துக்கு மங்களூருவில் ஆலை இருக்கிறது. நீங்கள் கார்டனால் காய்ச்ச வேண்டும் என்று சொல்லவில்லை. ஓட்டை யார், எதற்காக, என்ன தரத்தில் வாங்குகிறார்கள் என்பதைத் தொடர்ந்து பாருங்கள். இரசாயனம் தெரிந்தவர்களைத் தேடி வெகுதூரம் போக வேண்டாம். கடலூர் சிப்காட் இருக்கிறது, சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வேதிப்பொறியியல் துறை இருக்கிறது.

மூன்றாவது, கொட்டை வரத்து. ஐவரி கோஸ்ட் தன் கொட்டையைத் தானே உடைக்க முயல்கிறது; அங்கே ஆலைகள் பெருகினால் உங்களுக்கு வரும் மூட்டை குறையும். உள்ளூர் வரத்தும் நிச்சயமில்லை: 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் நம் முந்திரிக் காடுகளைச் சாய்த்தது உங்களுக்கு நினைவிருக்கும். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் புதிய முந்திரி ரகங்களைக் கவனிப்பதும் இந்தத் தலைப்பில்தான் வரும்.

இனி எங்கே பார்ப்பது? மத்திய வணிக அமைச்சகத்தின் ஏற்றுமதி இறக்குமதித் தரவுத்தளம் இலவசம். அதில் பொருள்களைச் சுங்கக் குறியீட்டு எண்ணால் தேடலாம்: 080131 ஓட்டோடு கூடிய முந்திரி, 080132 பருப்பு. பழம், கொட்டை, காய்கறிகளைப் பதப்படுத்தும் இயந்திரங்களுக்கு 843860. இந்தக் கடைசி எண்ணில் வியட்நாமிலிருந்து வரும் இறக்குமதி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அதில் எல்லா வகை மெஷினும் கலந்திருக்கும் என்றாலும், போக்கு தெரிந்துவிடும்.

காப்புரிமைகளைக் கண்டு பயப்படாதீர்கள். கூகுள் பேட்டன்ட்ஸ், எஸ்பாசெநெட், பேட்டன்ட்ஸ்கோப் மூன்றும் இலவசம். கொட்டை உடைக்கும் இயந்திரங்கள் ஏ23என் 5/00 என்ற வகைப்பாட்டில் வருகின்றன. விண்ணப்பம் போட்ட 18 மாதத்தில் அது பொதுவில் வெளியாகிவிடும். மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று படத்தோடு விளக்க வேண்டும் என்பது சட்டம், ஆகவே விற்பனையாளர் சொல்லாததைக்கூட அங்கே படிக்கலாம். காப்புரிமை நாட்டுக்கு நாடு தனி. இந்தியாவில் பதியாததை இங்கே செய்து பயன்படுத்தத் தடை இல்லை. ஆனாலும் பட்டறையில் செய்யக் கொடுக்கும் முன்பு ஒரு காப்புரிமை முகவரிடம் காட்டிவிடுங்கள். படிக்க ஆள் இல்லையென்றால், இறுதியாண்டு பொறியியல் மாணவர் ஒருவருக்கு இதையே திட்டப்பணியாகக் கொடுத்துப் பாருங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நான் வைப்பது மனிதர்களை. நாலு ஆலைக்குப் போய்வரும் மெஷின் மெக்கானிக், கொட்டை ஏஜென்ட், சென்னையில் பருப்பு வாங்குபவர்: இவர்களில் ஒருவரிடமாவது வாரம் ஒருமுறை பேசி, கேட்டதைத் தேதியோடு நோட்டில் எழுதுங்கள். உடைக்கும் பெண்களிடமும் கேளுங்கள். எந்த ஊர்க் கொட்டை எப்படிப் பிளக்கும் என்று அவர்கள் விரலுக்குத் தெரியும். ஓட்டு எண்ணெய் பட்டு அந்த விரல்கள்தான் வெந்துபோகின்றன. அந்த எண்ணெய் கையில் படாமல் வேலை செய்ய வழி வந்திருக்கிறதா என்பதும், மெஷின் வந்தால் அவர்களை அளவு பிரிப்பதிலும் தரம் பார்ப்பதிலும் எப்படி அமர்த்துவது என்பதும் உங்கள் கண்காணிப்பில் சேர வேண்டும். அதை விட்டுவிட்டுப் போடும் திட்டத்தை நான் முழுமையானதாக ஏற்கமாட்டேன்.

ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். வாரத்தில் அரை நாள் அவருக்கு இதுவே வேலை. மாதம் ஒரு கூட்டம், அதில் நீங்கள், அப்பா, சூப்பர்வைசர், மெக்கானிக். மூன்று கேள்விகளுக்கும் புதிதாகத் தெரிந்ததை வைத்துப் பேசி, சோதிக்கிறோம், காத்திருக்கிறோம், விடுகிறோம் என்ற மூன்றில் ஒன்றைத் தேதியோடு எழுதிவிட்டுத்தான் எழ வேண்டும். அப்படி எழுதாத மாதங்கள் தொடர்ந்தால் கேள்வியை மாற்றுங்கள். ஓராண்டு இப்படி நடத்தியும் தகவல் போதவில்லை என்று தோன்றினால், அப்போது மென்பொருளைப் பற்றி யோசிக்கலாம். என்ன கேட்டு வாங்க வேண்டும் என்பது அதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

முதல் சோதனைக்கு ஓரமாக நிற்கும் அந்த மெஷினையே எடுங்கள். பங்குனியில் புதுக் கொட்டை வரத் தொடங்கும்போது, ஊர்வாரியாகவும் அளவுவாரியாகவும் பிரித்த மூட்டைகளைத் தனித்தனியே அவித்து, ஆறவைத்து, கத்தியைச் சரிசெய்து ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் முழுப்பருப்பு எத்தனை விழுக்காடு என்று எடைபோட்டு எழுதுங்கள். அடுத்த மெஷினுக்கு விலை பேச வருகிறவரிடம் அந்த நோட்டைக் காட்டி, உங்கள் மூட்டைகளையே அவருடைய மெஷினில் உங்கள் கண்முன்னால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை எழுதும் பொறுப்பை அப்பாவிடமே கொடுத்துவிடலாம்.