இரண்டு குளிசைகள், இரண்டு பூட்டுகள்

மாரடைப்பு வந்த என் மூத்தப்பாவுக்கு இருதய நாடியில் ஸ்டென்ட் பொருத்தி மூன்று மாதங்களாகின்றன. அன்று தொடக்கம் அஸ்பிரினும் குளோபிடோகிரெலும் தினமும் குடித்து வந்தார். சென்ற வாரம் பல் துலக்கும்போது முரசிலிருந்து இரத்தம் கசிந்தது. "ரெண்டும் ஒரே வேலைதானே, ஒன்று போதும் மகள்" என்று குளோபிடோகிரெலை ஒதுக்கிவிட்டார். அவருக்கு விடை சொல்லவே நான் உயிரியல் புத்தகத்தைப் புரட்டினேன்.

காயம் பட்ட இடத்தில் குருதிச் சிறுதட்டுகள் ஒன்றுதிரண்டு துவாரத்தை அடைக்கின்றன. ஸ்டென்ட் என்னும் உலோக வலைக்குழாயிலும் அவை அவ்வாறே படியக்கூடும். அங்கே குருதி உறைந்தால் மீண்டும் மாரடைப்பு ஏற்படும்.

இதைத் தடுக்கும் மருந்துகள் ஒரே வேலையைச் செய்வனவல்ல. சிகிச்சையின்போது ஊசி மூலம் ஏற்றப்படும் ஹெப்பரின், குருதியிலுள்ள உறைதற் காரணிகளை அடக்குகிறது. சிறுதட்டுகள் ஒன்றையொன்று அழைக்கப் பயன்படுத்தும் துரொம்பொக்சேன் உருவாகாமல் அஸ்பிரின் தடுக்கிறது. ஏடிபி என்ற மற்றோர் அழைப்பு சென்றடையும் வாங்கியைக் குளோபிடோகிரெல் மூடுகிறது. வாசல்கள் இரண்டு, பூட்டுகளும் இரண்டு. ஒன்று மற்றதற்கு ஈடாகாது.

அப்படியானால் மிக வலிய மருந்தையே எல்லோருக்கும் கொடுக்கலாமே? குளோபிடோகிரெல் ஈரலில் மாற்றமடைந்த பின்னரே செயற்படும். பரம்பரையலகு வேறுபாட்டால் சிலரில் அம்மாற்றம் குறைவு. டைகாகிரெலோர் நேரடியாகவே செயற்படும். கடும் இருதய நோயுடன் வந்த 18,624 பேரில் இவ்விரண்டையும் ஒப்பிட்ட பிளேட்டோ ஆய்வு 2009இல் வெளியானது. ஓராண்டில் இருதய, குருதிக்கலன் நோயால் மரணம், மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றுள் ஒன்றைச் சந்தித்தோர் குளோபிடோகிரெல் குடித்தவர்களில் 11.7 சதவீதம், டைகாகிரெலோர் குடித்தவர்களில் 9.8 சதவீதம். ஆனால் பைபாஸ் சத்திரசிகிச்சையுடன் தொடர்பற்ற பெரும் குருதிப்பெருக்கு 3.8இலிருந்து 4.5 சதவீதமாகக் கூடியது. சிலருக்கு மூச்சு முட்டலும் வந்தது. பிரசுகிரெலும் வலியதே, எனினும் முன்னர் பாரிசவாதம் வந்தவர்களுக்கு அது ஆகாது.

ஆகவே உறைதலைத் தடுக்கும் வலிமை கூடும்போது குருதிப்பெருக்கின் அபாயமும் கூடுகிறது. நோயாளியின் வயது, குடற்புண், பழைய நோய்கள் யாவற்றையும் நிறுத்துப் பார்த்தே வைத்தியர் தெரிவு செய்கிறார்.

மறுநாளே மூத்தப்பாவைக் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றோம். "முரசில் சிறு கசிவுக்காக நிறுத்தக் கூடாது, மலம் கறுத்தாலோ, இரத்தம் நிற்காவிட்டாலோ உடனே வாருங்கள்" என்றார் வைத்தியர். மென்மையான தூரிகையும் வாங்கச் சொன்னார். அன்றிரவே இரண்டாவது குளிசை மீண்டும் மூத்தப்பாவின் கைக்கு வந்தது.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் ஸ்டென்ட் வைத்தவர் இருந்தால் அவரது குளிசைகளை இன்றே எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்திருந்தால், ஏன் என்று அன்போடு கேளுங்கள்.