குதிரைக்கு ஏற்ற கால் கவசம்

சவாரிக் குதிரை ஒன்றின் எடை ஏறக்குறைய 500 கிலோகிராம். சேணமும் சவாரி செய்பவரும் சேர்ந்தால் அச்சுமை இன்னும் கூடும். இவ்வளவு பாரத்தையும் மெலிந்த நான்கு கால்களே தாங்குகின்றன. அவற்றுள் ஒன்று காயமுற்றாலும் குதிரையின் வாழ்க்கையே மாறிவிடும். ஆகவே, காயம் ஆறிய குதிரை மீண்டும் பயிற்சிக்குத் திரும்பும்போது, அதன் காலுக்கு எத்தகைய கவசம் அணிவிப்பது என்பதைச் சிந்தித்தே முடிவு செய்ய வேண்டும்.

குதிரையின் காலமைப்பு வியப்புக்குரியது. அதன் முன்னங்காலில் முழங்கால் போலத் தோன்றும் மூட்டு, உண்மையில் நம் மணிக்கட்டுக்கு ஒப்பானது. அதற்குக் கீழே இருப்பவை நீண்டு வளர்ந்த உள்ளங்கை எலும்பும் நடுவிரலும் ஆகும். குளம்பு அவ்விரலின் நகம் எனலாம். இப்பகுதியில் சதைப்பற்று இல்லை. எலும்பின் பின்புறமாகத் தசைநாண்கள் செல்கின்றன. தசையை எலும்புடன் இணைக்கும் வலிமையான நார்க்கயிறே தசைநாண். அதன் மேல் தோல் மட்டுமே போர்த்தியிருப்பதால், அடிபட்டால் தாங்குவதற்கு மெத்தை போன்ற பாதுகாப்பு எதுவும் அங்கில்லை.

இக்காலில் இருவகைக் காயங்கள் ஏற்படுகின்றன. முதலாவது, வெளியிலிருந்து வரும் அடி. ஒரு கால் மற்றொரு காலின் உட்புறத்தில் உரசலாம். பின்னங்காலின் குளம்பு முன்னங்காலின் பின்புறத்தைத் தாக்கலாம். தடை தாண்டும்போது கட்டையில் கால் மோதலாம். இரண்டாவது, உள்ளே ஏற்படும் பாதிப்பு. குதிரை விரைந்து ஓடும்போது குளம்பிற்கு மேலுள்ள கணுமூட்டு தரையை நோக்கித் தாழ்கிறது. அப்போது தசைநாண் ரப்பரைப் போல நீள்கிறது. அளவுக்கு மீறி நீண்டால் அதன் நார்கள் அறுந்துவிடுகின்றன.

இவ்வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. கவசம் வெளியிலிருந்து வரும் அடியைத் தடுக்கும். ஆனால், 500 கிலோகிராம் எடை கீழ்நோக்கி அழுத்தும்போது கணுமூட்டு தாழ்வதை ஒரு துண்டு நுரைத்துணியால் தடுத்து நிறுத்த முடியாது. "விலை உயர்ந்த கவசம் அணிவித்துவிட்டோம், இனி அஞ்ச வேண்டியதில்லை" என்று எண்ணி, ஆறாத காலுடன் குதிரையை ஓடவிட்டால் பழைய காயம் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பக்கூடும்.

தடை தாண்டும் குதிரை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பின்குளம்பு பட்டு அதன் முன்னங்காலின் தசைநாண் காயமுற்றது. இத்தகைய காயம் ஆறுவதற்குப் பெரும்பாலும் 9 முதல் 12 மாதங்கள் வரை ஆகலாம். ஆறிய இடத்தில் உருவாகும் தழும்புத் திசு, பழைய நாரைப் போல நீண்டு சுருங்குவதில்லை. எனவே, மீயொலிப் பரிசோதனையின் மூலம் காலின் நிலையை அறிந்து, கால்நடை மருத்துவர் இசைவு தந்த பின்னரே குதிரையைப் பயிற்சிக்குக் கொண்டுவர வேண்டும்.

அதற்குப் பின்னரே கவசத் தேர்வு தொடங்குகிறது. காலின் உட்புற உரசலைத் தடுக்க, அப்பகுதியில் தடித்த பட்டை உள்ள கவசம் போதும். பின்குளம்பு குதிகாலைத் தாக்கும் குதிரைக்குக் குளம்பைச் சுற்றி அணியும் மணிவடிவக் கவசம் பொருந்தும். மேற்கூறிய குதிரைக்கோ, பின்புறத்தில் கெட்டியான தகடும் முன்புறத்தில் திறப்பும் உள்ள தசைநாண் கவசம் ஏற்றது. முன்புறம் திறந்திருப்பதால், கட்டையில் கால் பட்டால் குதிரை அதனை உணரும். அடுத்த முறை காலை உயர்த்தித் தாண்டும். பின்புறத் தகடு குளம்படியைத் தாங்கிக்கொள்ளும்.

வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. விரைந்து ஓடும் குதிரையின் தசைநாண் உட்பகுதி 45 பாகை செல்சியஸ் வரை சூடேறக்கூடும் என ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். காற்றுப்புகாத தடித்த கவசம் அவ்வெப்பத்தை வெளியேற விடாது. ஆகவே, வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த நாடுகளில் காற்றோட்டமுள்ள, எடை குறைந்த கவசமே நல்லது. பயிற்சி முடிந்தவுடன் அதனைக் கழற்றிக் குளிர்ந்த நீரால் காலைக் கழுவ வேண்டும்.

அணிவிக்கும் முறையும் முக்கியமானது. முதலில் காலும் கவசமும் மணலின்றி உலர்ந்திருக்க வேண்டும். சிக்கிய சிறு மணலும் தோலைப் புண்ணாக்கிவிடும். கவசத்தைச் சற்று மேலே வைத்துக் கீழ்நோக்கி நகர்த்தினால் உரோமம் படிந்து நிற்கும். ஒட்டுப்பட்டைகள் காலின் வெளிப்புறத்தில், பின்னோக்கி முடிய வேண்டும். தளர்வாக இருந்தால் கவசம் நழுவும். இறுக்கமாக இருந்தால் தசைநாணை நெரிக்கும். கவசத்திற்கும் காலுக்கும் இடையே ஒரு விரல் நுழையும் அளவே சரியானது. காயமுற்ற காலுக்கு மட்டுமன்றி, அதன் இணைக்காலுக்கும் அணிவிப்பது நன்று.

கவசத்தைக் கழற்றிய பின்னர், இரு கால்களையும் கையால் தடவி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கால் மற்றதைவிடச் சூடாக இருந்தாலோ, வீங்கியிருந்தாலோ, தொட்டவுடன் குதிரை காலை இழுத்துக்கொண்டாலோ, பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அழைக்க வேண்டும்.

'பதறாத காரியம் சிதறாது' என்பது பழமொழி. காயத்தின் காரணத்தை அறிந்து தேர்ந்தெடுத்த கவசம் குதிரைக்குத் துணைநிற்கும். எனினும், காயத்தை ஆற்றுபவை காலமும் ஓய்வும் பொறுமையான பயிற்சியுமே. 'வலிக்கிறது' என்று வாய்திறந்து சொல்லக் குதிரையால் இயலாது. நாள்தோறும் அதன் காலைத் தடவிப் பார்க்கும் கையே அதன் வலியை அறிந்துகொள்ளும்.