பெருஞ்சாலை தொடாமல் பூம்புகாருக்கு

பவானிக் கூடுதுறையிலிருந்து பூம்புகார் வரை மிதிவண்டியில் செல்வதென்று நண்பர்கள் மூவர் முடிவு செய்தோம். என் தந்தையார் ஒரே நிபந்தனை விதித்தார்: லாரி ஓடும் பெருஞ்சாலையில் போகக் கூடாது. ஜமக்காளக் கட்டுகளைச் சைக்கிளில் வைத்து ஊர் ஊராக விற்றவர் அவர். பின்னால் வந்த லாரி இடித்ததில் அவருடைய இடது முழங்கால் இன்றும் சரியாக மடங்காது. வழி வகுக்கும் பொறுப்பு, இயற்பியல் படிப்பவன் என்பதால், என் தலையில் விழுந்தது.

கைப்பேசியைக் கேட்டால் கரூரிலிருந்து திருச்சிக்கு 81-ஆம் எண், அப்பால் தஞ்சைக்கு 83-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலைகளையே திரும்பத் திரும்பக் காட்டியது. எனவே நில அளவைத் துறையின் 1:50,000 வரைபடங்களை எடுத்துக்கொண்டேன். இதில் 2 சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். சாலையின் வளைவுகள் மீது நூலை வைத்து அளந்தபோது ஏறத்தாழ 300 கிலோமீட்டர் வந்தது. நான்கு நாள் பயணம்.

ஆற்றை விட்டு விலகாதிருப்பதே நான் கொண்ட விதி. கொடுமுடி வரை தென்கரை. கரூருக்குக் கிழக்கே தென்கரையைத் தேசிய நெடுஞ்சாலை பிடித்துக்கொள்வதால் வாங்கல் பாலத்தில் மோகனூருக்குக் கடந்து, காட்டுப்புத்தூர், தொட்டியம், முசிறி, குணசீலம் என வடகரையில் செல்லவேண்டும். திருவானைக்காவிலிருந்து கல்லணைக்குத் தனிச்சாலை உண்டு. அதற்கப்பால் கவலையே இல்லை. திருவையாறு, கும்பகோணம், மயிலாடுதுறை வழியே மாநிலச் சாலை காவிரிப்பூம்பட்டினத்துக்கே கொண்டு சேர்க்கும்.

மேடு பள்ளத்தை எண்ணி அஞ்சினேன். வீண் அச்சம். ஈரோடே கடல் மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் குறைவான உயரந்தான். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவில்லை. டிசம்பர் விடுமுறையில் புறப்படலாம் என்று எழுதி அப்பாவிடம் படித்துக் காட்டினேன்.

"மார்கழியில எதுர்காத்து கண்ணு. ஆடியில போ, காத்தே தள்ளிக்கிட்டுப் போயிரும். நான் முசிறிக்குப் பாரம் ஏத்துனதெல்லாம் ஆடியிலதான்" என்றார்.

கணக்குப் போட்டேன். காற்றின் தடை, காற்றைச் சார்ந்த வேகத்தின் இருமடிக்கேற்ப உயர்வது. மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு அதே வேகத்தில் எதிர்க்காற்று அடித்தால் தடை நான்கு மடங்கு. அதுவே பின்காற்றானால் தடை ஏறக்குறைய இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் தென்மேற்குக் காற்று ஆடியில் கிழக்கு நோக்கியே வீசுகிறது. பள்ளிக்கூடமே போகாத என் தந்தையார் இதைப் பாரம் ஏற்றிக் கண்டுபிடித்திருக்கிறார்! டிசம்பரை அடித்துவிட்டு ஜூலை என்று எழுதினேன். திரும்புவது ரயிலில்.

பெருஞ்சாலைகளைக் குறுக்கே கடப்பதை மட்டும் எந்த வழியாலும் தவிர்க்க முடியவில்லை. லட்சுமிநகர், வேலாயுதம்பாளையம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். வேலாயுதம்பாளையம் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டு, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். "இங்க மூணு பேரும் எறங்கித் தள்ளிக்கிட்டுப் போங்க" என்றார். சிவப்பு மையில் அப்படியே குறித்துக்கொண்டேன்.