அறையை அளந்து பார்த்தேன், கம்ப்யூட்டர் வெளியே போனது

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் அதை படுக்கையறையில்தான் வைக்கிறார்கள். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அந்த அறையை மாற்றி அமைக்க வேண்டிய நிலை வந்தபோது அதே கம்ப்யூட்டர் உதவிக்கு வந்தது. அந்த அனுபவத்தையே இந்த மாதப் பாடமாகத் தருகிறேன்.

இடுப்பு ஆபரேஷன் முடிந்து அப்பா ஊரிலிருந்து எங்களோடு தங்க வந்தார். வாக்கர் பிடித்து நடக்க வேண்டும். இரவில் இரண்டு மூன்று முறை பாத்ரூம் போவார். பாத்ரூம் சேர்ந்தாற்போல் இருப்பது எங்கள் அறையில் மட்டும்தான். எனவே அறையை அவருக்குக் கொடுத்துவிடுவது என்று முடிவானது. "எனக்காக வீட்டைக் கலைக்காதேப்பா. ஹாலில் ஒரு ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன்" என்றார். அதனால், கொடுக்கிற அறை ஆஸ்பத்திரி வார்டு போல இல்லாமல் பார்க்க அழகாகவும், படுத்தால் தூக்கம் வருவதாகவும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

பீரோவை நான்கு முறை இழுத்துப் பார்த்து முதுகைப் பிடித்துக்கொள்வதற்குப் பதில், திரையில் இழுத்துப் பார்க்கலாம். இதற்கு உதவும் புரோகிராம் ஸ்வீட் ஹோம் 3டி. பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த இம்மானுவேல் புய்பாரே என்பவர் உருவாக்கி வழங்கி வருவது. இலவசம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஸ்வீட்ஹோம்3டி டாட் காம் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து, வழக்கம்போல் இன்ஸ்டால் செய்து கொள்ளவும்.

கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் டேப்பை எடுங்கள். நம் ஊர் ஸ்டீல் டேப்பில் பெரும்பாலும் ஒரு பக்கம் அங்குலம், மறு பக்கம் சென்டிமீட்டர் இருக்கும். இரண்டையும் கலக்காமல் சென்டிமீட்டரிலேயே எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சுவர்கள், கதவு, ஜன்னல், கட்டில், பீரோ எல்லாம் அளக்க வேண்டும். மின்விசிறி கொக்கி எங்கே இருக்கிறது என்பதையும் குறிக்கவும். கட்டிலை நகர்த்தலாம், கான்கிரீட்டில் புதைந்த கொக்கியை நகர்த்த முடியாது. என் அறை உள்ளளவில் 305க்கு 274. அதாவது பத்தடிக்கு ஒன்பதடி.

புரோகிராமைத் திறந்தால் திரை நான்கு பகுதிகளாகத் தெரியும். இடது மேலே பர்னிச்சர் கேட்டலாக். அதன் கீழே நீங்கள் சேர்த்த பொருட்களின் பட்டியல். வலது மேலே பிளான் வரையும் கட்டம். அதன் கீழே அதே பிளான் முப்பரிமாணத்தில். முதலில் பிரிபரன்ஸஸ் சென்று அளவு சென்டிமீட்டரில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே புதிய சுவர்களின் தடிமனையும் உயரத்தையும் மாற்ற வேண்டும். அதில் வரும் மெல்லிய சுவர் நம் வீடுகளுக்குப் பொருந்தாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்கு 23, பத்தடி உயரத்துக்கு 305 என்று கொடுக்கவும்.

பிறகு பிளான் மெனுவில் கிரியேட் வால்ஸ். ஒரு மூலையில் கிளிக் செய்து மவுஸை நகர்த்தினால் சுவர் நீளும். என்டர் தட்டினால் நீளத்தை டைப் செய்ய இடம் வரும். இங்கேதான் நான் ஏமாந்தேன். 305 என்று அடித்தேன். ஆனால் புரோகிராம் சுவரின் நடுக்கோட்டை வைத்து அளக்கிறது. அதனால் உள்ளே கிடைத்தது 282தான்! கட்டில் ஏன் இடிக்கிறது என்று அரை மணி நேரம் விழித்தேன். உள்ளளவோடு சுவரின் தடிமனையும் கூட்டி 328, 297 என்று கொடுத்தால் சரியாக வரும். கிரியேட் டைமென்ஷன்ஸ் வசதியால் உட்பக்கத்தை ஒருமுறை அளந்து சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

கதவு, ஜன்னலை கேட்டலாகிலிருந்து இழுத்துச் சுவரின் மீது விட்டால் தானே பொருந்திக்கொள்ளும். கதவு திறக்கும் வளைவும் பிளானில் தெரியும். கட்டிலை இழுத்துப் போட்டு டபுள் கிளிக் செய்தால் நீளம், அகலம், உயரம் மாற்றலாம். கேட்டலாகில் உள்ள கட்டில் அழகாக இருக்கிறதே என்று அதன் அளவையே விட்டுவிடாதீர்கள். நம்முடையது ஆறேகாலுக்கு ஐந்து, அதாவது 190க்கு 152. ஸ்டீல் பீரோவின் ஆழம் 48. பீரோ கதவு திறக்க முன்னால் 45 செ.மீ. வேண்டும். அந்த இடத்தில் ஒரு வெற்றுப் பெட்டியை வைத்து அடையாளம் செய்தேன். அறையின் அழகைக் கெடுப்பது பெரும்பாலும் இப்படி மறந்துபோகிற இடங்கள்தான்.

இருப்பதை இருந்தபடியே வரைந்ததும் விஷயம் விளங்கிவிட்டது. கட்டில் ஒரு சுவரை ஒட்டி. எதிர்ச் சுவரில் கம்ப்யூட்டர் டேபிள், ஆழம் 60. நடுவே மிஞ்சிய வழி 62. அப்பாவின் வாக்கர் அகலம் 60. அதுவும் என் நாற்காலி அங்கே இல்லாவிட்டால்! கால்மாட்டில் பீரோ போக மிச்சம் 67. மூன்று வருடமாக அந்த வழியில் நடக்கிறேன், ஒருநாளும் எனக்கு இது தோன்றவில்லை.

டேபிளைச் சுட்டிக்காட்டி டெலீட் தட்டினேன். பீரோவையும் அடுத்த அறைக்கு அனுப்பினேன். ஐந்தடிக் கட்டிலுக்குப் பதில் அப்பாவின் பழைய தேக்குக் கட்டில், ஆறேகாலுக்கு நாலு. அதைச் சுவரிலிருந்து 45 செ.மீ. தள்ளிப் போட்டதில் ஜன்னலைத் திறந்து மூட இடம் கிடைத்தது. மறுபக்கம் 107 செ.மீ. வழி. மின்விசிறியும் ஏறக்குறைய தலைக்கு மேலேயே வந்தது.

அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். "எல்லாம் சரி. வடக்கு எந்தப் பக்கம்?" என்றார். புரோகிராம் தானாக மேல்பக்கத்தை வடக்காக வைத்துக்கொள்கிறது. எங்கள் பிளானில் மேல்பக்கம் மேற்கு. பிளானில் இருக்கும் திசைகாட்டியை டபுள் கிளிக் செய்து திருப்பினேன். தலைமாடு கிழக்கே வந்தது. தலையாட்டினார். இதில் இன்னொரு லாபமும் உண்டு. திசைகாட்டியில் ஊரையும் சரியாகக் கொடுத்து, 3டி வியூ மெனுவில் கிரியேட் போட்டோ மூலம் தேதி, நேரத்தை மாற்றிப் படம் எடுத்தால் வெயில் எங்கே விழும் என்று பார்க்கலாம். படம் உருவாக நேரமாகும். பொறுமை தேவை.

அழகுக்காகக் கட்டிலருகே நான் ஒரு சின்ன விரிப்பு போட்டிருந்தேன். "இதில் கால் தடுக்கும்ப்பா." எடுத்துவிட்டேன். கட்டிலின் உயரத்தையும் அவரே கேட்டார். மெத்தையோடு 50 செ.மீ. இருந்தால் எழுந்திருக்கச் சிரமம் இல்லை என்றார்.

சுவர் நிறத்தை டபுள் கிளிக் செய்து எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மூன்று சுவர் வெளிர் சந்தனம், தலைமாட்டுச் சுவர் மட்டும் மங்கிய பச்சை என்று முடிவு செய்தோம். ஆனால் மானிட்டரில் தெரியும் நிறத்தை நம்பி பெயின்ட் வாங்க வேண்டாம். சின்ன டப்பா வாங்கி இரண்டடிச் சதுரம் அடித்து, பகலிலும் விளக்கிலும் பாருங்கள். எங்கள் பச்சை டியூப் லைட்டில் நீலமாகத் தெரிந்தது. டியூப் லைட் பகலுக்கு இருக்கட்டும் என்று விட்டு, இரவுக்கு 2700 கெல்வின் மஞ்சள் ஒளி எல்இடி பல்பு போட்டோம். நீலம் கலந்த வெள்ளை ஒளி, தூக்கத்தைக் கொண்டுவரும் மெலடோனின் சுரப்பதைக் குறைக்கும். பாத்ரூம் வழியில் முழங்கால் உயரத்தில் ஒரு சிறு இரவு விளக்கு.

பிளானை மறக்காமல் சேவ் செய்யுங்கள். பெயின்டரிடமும் எலக்ட்ரீஷியனிடமும் வாயால் விளக்குவதைவிட பிரின்ட் எடுத்துக் கொடுப்பது சுலபம். அந்த பிரின்ட் இன்னும் அப்பாவின் தலையணைக்கு அடியில் இருக்கிறது, வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டுகிறார். கம்ப்யூட்டர் ஹாலுக்கு வந்துவிட்டது. டிவி சத்தத்துக்கு நடுவே உட்கார்ந்துதான் இதை டைப் செய்கிறேன்.