கிருமி செத்த பிறகும் உடம்பு ஏன் கொதிக்கிறது?

கேள்வி: பெரியப்பா தொழுநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். குணமாகி வந்த நேரத்தில் திடீரென்று காய்ச்சல். முகம், கை, காலெல்லாம் தொட்டாலே வலிக்கும் சிவந்த கட்டிகள். 'மாத்திரை ஒத்துக்கல, நிறுத்திடுங்க' என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். இந்த 'ரியாக்‌ஷன்' எங்கிருந்து வருகிறது? – ஒரு வாசகி, கோவிலம்பாக்கம்.

பதில்: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள்.

மாத்திரைமேல் பழி போடுவது பழைய வழக்கம்தான். உங்கள் செங்கல்பட்டு மாவட்டத்துத் திருமணி தொழுநோய் மருத்துவமனையில், 1940களில் டாக்டர் ராபர்ட் காக்ரேன் சல்ஃபோன் என்ற தொழுநோய் மருந்துகளைக் கொடுத்துப் பார்த்த காலத்தில், ரியாக்‌ஷன் வந்தால் டாக்டர்களே மருந்தைக் குறைப்பார்கள், நிறுத்துவார்கள். ஆனால் இந்தக் கட்டிகள் சிகிச்சை தொடங்கும் முன்பும் வரும், முடிந்து வருஷக்கணக்கான பிறகும் வரும். மாத்திரைதான் காரணம் என்றால் அது எப்படி?

நார்வே டாக்டர் ஹேன்சன் 1873இல் கண்டுபிடித்த தொழுநோய் பாக்டீரியா, உயிரணுவுக்குள் புகுந்தால்தான் பிழைக்கும். அந்த வகையில் அசல் ஒட்டுண்ணி. தொழுநோய் மாத்திரைகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் அதைச் சில நாளில் கொன்றுவிடுகிறது. சடலத்தை அப்புறப்படுத்தத்தான் உடம்புக்கு வருஷக்கணக்கில் ஆகிறது. பி.ஜி.எல்-1 என்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த பொருள் உட்பட, அதன் சுவர்த் துண்டுகள் திசுக்களில் தங்கிவிடுகின்றன. உடம்பின் எதிர்ப்பு சக்தி குறிவைக்கும் ஆன்டிஜென் இவைதான். கிருமி ஏராளமாக இருந்த உடம்பில், அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியும் ஏராளம். இரண்டும் பின்னிக்கொண்டு ரத்தக்குழாய்ச் சுவரில் படிய, வெள்ளணுக்கள் அங்கே திரண்டு வந்து அழற்சியைக் கிளப்புகின்றன. ரியாக்‌ஷனில் இரண்டு வகை உண்டு; இப்போது சொன்னது இரண்டாம் வகை. உங்கள் பெரியப்பாவின் கட்டிகள் பெரும்பாலும் இதுதான்.

முதல் வகையில் ஆன்டிபாடிக்குப் பெரிய பங்கில்லை. வெள்ளணுக்களில் ஒரு வகையான டி செல்கள் நரம்புக்குள்ளிருக்கும் ஆன்டிஜெனைத் தாக்க, அடி நரம்புக்கு விழுகிறது. சில நாளிலேயே பாதம் தொங்கிவிடலாம். அதனால்தான் அழற்சியைத் தணிக்கும் பிரெட்னிசலோனைத் தாமதிக்காமல் தொடங்குகிறார்கள்.

இரண்டாம் வகைக்கு இன்னொரு மருந்தும் உண்டு. அது வந்த வழி விசித்திரம். கருவிலிருந்த குழந்தைகளை ஊனமாக்கியதால் 1961இல் திரும்பப் பெறப்பட்ட தாலிடோமைடு என்ற தூக்க மருந்தை, ஜெருசலேமில் டாக்டர் ஜேக்கப் ஷெஸ்கின் தூக்கமில்லாமல் தவித்த தொழுநோயாளிகளுக்குக் கொடுத்தார். தூக்கம் வந்ததோடு கட்டிகளும் அமுங்கின. 1965இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். கர்ப்பிணிகளுக்கு அது இன்றும் ஆகவே ஆகாது.

டாக்டரிடம் போகுமுன் பெரியப்பாவிடம் ஒன்று கேளுங்கள்: முழங்கையின் உள்பக்கம் வலிக்கிறதா, சுண்டுவிரல் மரத்திருக்கிறதா? ஆமாம் என்றால், நரம்பு பாதிக்கப்படுகிறது என்று பொருள்; கட்டியைக் காட்டுவதற்கு முன்னால் அதைச் சொல்லுங்கள்.