சுத்திகரித்த கழிவுநீரும் குடும்ப நலமும்



ஓசூர் சிப்காட் பக்கம் போனால் கம்பெனி வாசல்களில் பச்சைப் பசேலென்று புல்தரை தெரியும். ஊரில் மாட்டுக்கே தண்ணி இல்லாத சித்திரையிலும் அந்தப் புல் வாடுவதில்லை. பல இடங்களில் அது, கம்பெனிக்குள் குளித்து, கழுவி, கக்கூசில் விட்ட தண்ணீரையே சுத்தம் செய்து திரும்பப் பாய்ச்சுவதுதான். அங்கே ஓஸ் பிடித்து நிற்பவர்களோ நம் கிராமத்துப் பெண்கள். ஆகவே இது உங்கள் வீட்டு விஷயம்.

இந்த ஏற்பாடு நல்லதா, கெட்டதா? நல்லதுதான். நமக்கு நாற்பது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் பெங்களூரில் கப்பன் பூங்காவுக்கும் லால்பாக்குக்கும் சுத்திகரித்த நீரே பாய்கிறது. 2024 மார்ச்சில் அங்கே தண்ணீர்ப் பஞ்சம் கடுமையானபோது, குடிநீரைத் தோட்டத்துக்கு விட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் உத்தரவு போட்டது. சின்னசாமி கிரிக்கெட் மைதானம் நாளொன்றுக்கு 75,000 லிட்டர் கேட்டது. கப்பன் பூங்கா நிலையத்திலிருந்து சுத்திகரித்த நீரைத் தர ஏற்பாடாயிற்று. நபருக்கு 55 லிட்டர் என்ற ஜல் ஜீவன் கணக்கில் பார்த்தால், அது 1,300 பேருக்கு மேல் ஒரு நாள் வீட்டுத் தண்ணீர். புல்லுக்குப் போகாமல் மிச்சமானது யாரோ ஒரு தாயின் குடத்துக்குத்தானே வரும்?

ஆனால் சுத்திகரிப்பு என்ற பெயர் இருந்தால் மட்டும் போதாது. முதலில் குப்பையை வடிகட்டி, மண்ணைப் படியவிட்டு, பிறகு காற்றைச் செலுத்துகிறார்கள். காற்றில் பெருகும் நல்ல கிருமிகள் அழுக்கைத் தின்றுவிடும். மறுபடி படியவிட்டு, மணலில் வடித்து, கடைசியில் குளோரின் சேர்க்க வேண்டும். 'குளோரின் வாசனை வருது, அப்புறம் என்ன பயம்' என்று சொல்பவர்கள் உண்டு. குளோரின் பேதிக் கிருமிகளைக் கொல்லும். நாக்குப்பூச்சி முட்டையைக் கொல்லாது. அதன் ஓடு அவ்வளவு கெட்டி. நன்றாகப் படியவிட்டு, வடிகட்டினால்தான் அது நீங்கும். தப்பிய முட்டை ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 1989-இல் ஓர் அளவு வகுத்தது. பூங்காவுக்கும் விளையாட்டு மைதானத்துக்கும் விடும் நீரில் லிட்டருக்கு ஒரு புழு முட்டைக்கு மேல் இருக்கக் கூடாது. 100 மில்லியில் மலக்கிருமி 1,000-ஐத் தாண்டக் கூடாது. மக்கள் உட்கார்ந்து புரளும் புல்தரையானால் 200-தான். பச்சையாகத் தின்னும் காய்கறிக்கும் அதே 1,000 என்று வைத்தார்கள். கொத்தமல்லியும் புதினாவும் போடும் நம் பகுதிக்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஏனென்றால் நம் தென்பெண்ணை அந்த அளவையெல்லாம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. பெங்களூரின் கிழக்கு ஓரத்துச் சாக்கடையும் வர்த்தூர் ஏரித் தண்ணீரும் அதில் கலக்கின்றன. கொடியாளம் அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைந்து கெலவரப்பள்ளி அணையில் சேருகிறது. மதகு திறந்தால் வெள்ளை நுரை பொங்குவதைப் பார்க்காதவர் இல்லை. அது சோப்புத் தூள் கலந்த நீர் மதகில் அடிபட்டு எழுப்பும் நுரை. பிள்ளைகள் அதில் விளையாடப் போனால் தடுங்கள். சுமார் 8,000 ஏக்கர் இந்த அணையை நம்பி இருக்கிறது. பாய்ச்சாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கீரையையும் மல்லியையும் இந்த நீரில் வளர்ப்பதைவிட, வேகவைத்துத் தின்னும் பயிரும் மாட்டுத் தீவனமும் மேல். இலையில் தெளிக்காமல் வேரில் விடுங்கள். மாந்தோப்புக்காரர்கள் காய் பறிக்க இரண்டு வாரம் முன்பே இந்தத் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தரையில் விழுந்த பழத்தைக் கூடையில் சேர்க்கக் கூடாது.

கிணறு அத்தகைய வயலை ஒட்டி இருந்தால் நைட்ரேட் உப்பைச் சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் போனால், அந்தத் தண்ணீரில் பால்மாவு கரைத்துக் கொடுத்த கைக்குழந்தைக்கு உதடும் நகமும் நீலம் பூக்கும் ஆபத்து உண்டு. காய்ச்சினால் சரியாகாது, உப்பு இன்னும் கெட்டியாகும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

தோட்ட வேலைக்குப் போகும் பெண்ணே, வெறுங்காலோடு ஈர மண்ணில் நிற்காதே அம்மா. கொக்கிப்புழுக் குஞ்சு பாதத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். கர்ப்பிணிக்கு இருக்கிற ரத்தமே குறைவு. காண்டிராக்டரிடம் பூட்சும் கையுறையும் கேட்க வேண்டும். அவர் தரும்வரை கணவர் ஒரு ஜோடி வாங்கித் தரலாம். பீடிக்குக் காசு இருக்கிறதல்லவா! கைக்குழந்தையை ஈரப் புல்லில் படுக்கவைக்காதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பால் கொடுக்கவும், சோறு பிசையவும் கூடாது. தோட்டக் குழாயில் வாய் வைத்துக் குடிப்பது அறவே வேண்டாம்.

நான்காம் மாதம் முதல் இரும்புச்சத்து மாத்திரை தினம் ஒன்று, 180 நாள். பூச்சி மாத்திரையைக் கர்ப்பிணிகள் முதல் மூன்று மாதம் கழிந்த பிறகு, செவிலியர் சொன்னபடி ஒரே தரம் சாப்பிடலாம். ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் பிப்ரவரி, ஆகஸ்ட் முகாம்களில் இலவசமாகத் தருகிறார்கள். இரண்டு வயது முடியாத குழந்தைக்கு அரை மாத்திரைதான். அதையும் நன்றாகப் பொடி செய்து தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும்.