பள்ளி மணி அடித்த பின்னர்

அங்கத்தினர்கள் கூடிப் படித்து விவாதிப்பதற்கென எழுதப்படும் இப்பாடத்தில், கடன், பங்கு, இருப்பு, தவணை ஆகியவற்றை இம்முறை சற்றே ஒதுக்கி வைக்கிறோம். மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடைப்பட்ட மூன்று மணி நேரத்தைப் பற்றி ஆராய விரும்புகிறோம். தொடக்கப் பள்ளியில் பயிலும் நம் பிள்ளைகள் அந்நேரத்தில் எங்கே இருக்கிறார்கள்? யார் பொறுப்பில் இருக்கிறார்கள்?

இக்கேள்வியை நம் முன் நிறுத்திய ஊர் திருவொற்றியூர். தியாகராசர் கோயிலாலும் பட்டினத்தார் சமாதியாலும் பெயர் பெற்ற அவ்வூர், சென்ற நூற்றாண்டில் ஆலைகளின் ஊராகவும் ஆயிற்று. தீப்பெட்டி ஆலையின் பெயர் விம்கோ நகர் என்று ஊர்ப் பெயராகவே நிலைத்து விட்டது. 2011ஆம் ஆண்டு முதல் திருவொற்றியூர் சென்னை மாநகராட்சியைச் சேர்ந்தது. அங்கே கணக்குப் பார்வையிடச் செல்லும் மாலைப் பொழுதுகளில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். ஒரு நாள் பூட்டிய வீட்டின் படியில் ஏழெட்டு வயதுச் சிறுமி ஒருத்தி, தம்பியை மடியில் இருத்திக்கொண்டு அமர்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு கயிறு. கயிற்றில் வீட்டுச் சாவி. ‘உள்ளே போகலாமே, அம்மா’ என்றோம். ‘உள்ளே போனால் தம்பி அடுப்பண்டை போகிறான்’ என்றாள். தாய் மீன் கூடையுடன் தெருத் தெருவாய்ச் சென்றிருந்தாள். தந்தைக்கு இரண்டாம் ஷிப்டு.

விளையாடச் செல்லலாமே எனில், எங்கே செல்வது? எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்திற்குச் செல்லும் கண்டெய்னர் லாரிகள் வரிசையாய் நிற்கும், அல்லது விரையும். சாலையைக் கடந்தால் கடற்கரை உண்டே என்று தென் சென்னையில் வாழ்வோர் கேட்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் துறைமுகத்தின் தடுப்புச் சுவர்கள் கட்டப்பட்ட பின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே கடல் கரையை அரித்தது. இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில் இன்று மணலுக்குப் பதிலாகக் கருங்கற் குவியல்களே அலையை எதிர்கொள்கின்றன. ஒரே துறைமுகம் நகரின் ஒரு பாதிக்கு விளையாட்டு வெளியைத் தந்து, மறு பாதியிடமிருந்து பறித்துக்கொண்டது.

சட்டங்கள் இப்பிள்ளைகளை முற்றும் மறந்தன என்று சொல்வதற்கில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பேருக்கு மேற்பட்ட பெண் தொழிலாளர் பணிபுரியும் ஆலைகளில் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டுமென்றது. ஆனால் ஆறு வயதிற்கு உட்பட்ட குழந்தைகளுக்கே அது விதிக்கப்பட்டது. அங்கன்வாடியும் ஆறு வயதோடு நின்றுவிடும். அதன் பின் பள்ளி இருக்கிறது என்பது எண்ணம். பள்ளி நான்கு மணியளவில் மூடிவிடும். ஆலை மூடாது, சந்தை மூடாது, தறியும் நிற்காது.

தறி என்றதும் நெசவாளர் அங்கத்தினர் ஒருவர் எழுந்து, ‘எங்கள் பிள்ளைகள் வீட்டிலேயே எங்கள் கண் முன்தானே இருக்கிறார்கள்’ எனக் கூறக்கூடும். உண்மையே. அப்பிள்ளை அந்நேரத்தில் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டுகிறோம். பெரும்பாலும் தார் சுற்றுகிறது. பயிரிடுவோர் வீட்டிலாயின் ஆடு ஓட்டுகிறது, அல்லது கிணற்றங்கரையில் தனியே திரிகிறது. பதினான்கு வயது நிரம்பாத பிள்ளைகளை எத்தொழிலிலும் அமர்த்தலாகாது என 2016ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் விதித்தது. எனினும் அபாயமற்ற குடும்பத் தொழிலில், பள்ளி நேரம் கழிந்த பின்னரும் விடுமுறையிலும் பிள்ளைகள் உதவலாம் என விலக்கும் அளித்தது. ஆக, நாம் ஆராயும் இதே மூன்று மணி நேரத்தைத்தான் சட்டம் குடும்பத்தின் கையில் விட்டு வைத்தது. பெற்றோருக்கு ஒரு கை உதவுதல் வேறு. நாள்தோறும் கணக்கு வைத்துத் தார் சுற்றுதல் வேறு. இவ்வேற்றுமையை இன்ஸ்பெக்டர் வந்து கண்டுபிடிக்க இயலாது. வீட்டாரே அறிவர்.

தமிழ்நாட்டில் இம்மாலை நேரத்தைத் தொட்ட பெரிய முயற்சி, 2021 அக்டோபர் 27ஆம் நாள் விழுப்புரம் மாவட்டத்தில் தொடங்கப்பட்ட ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம். கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் நேர்ந்த கற்றல் இழப்பை ஈடுசெய்ய அது பிறந்தது. மாலை ஐந்து மணி முதல் ஏழு மணிக்குள், ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம், திண்ணையிலும் கோயில் வெளியிலும் சமுதாயக் கூடத்திலும் வகுப்புகள் நடந்தன. தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. அத்திட்டத்தின் முதன்மை நோக்கம் படிப்பே, காப்பு அன்று. ஆனால் நமக்கு வேண்டிய ஒரு சான்றை அது தந்தது. இருபது பிள்ளைகளைப் பொறுப்பேற்று நடத்தத் தக்க ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், ஏறத்தாழ ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார் என்பதே அச்சான்று.

பிற இடங்களில் கூட்டுறவு இத்துறையில் இறங்கியதுண்டு. அகமதாபாத்தில் சேவா மகளிர் அமைப்பைச் சார்ந்து 1986ஆம் ஆண்டு பதிவான சங்கினிக் கூட்டுறவுச் சங்கத்தில், குழந்தைகளைக் காக்கும் பெண்களே பங்குதாரர்கள். தாய்மார் வேலைக்குச் செல்லும் நேரத்திற்கு ஏற்ப அவர்களுடைய காப்பகங்கள் திறந்திருக்கும். அவையும் சிறு குழந்தைகளுக்கே உரியவை. பள்ளிப் பிள்ளைகளுக்கானவற்றை ஜப்பானில் காண்கிறோம். அங்கே வேலைக்குச் செல்லும் பெற்றோர் தாமே கூடி மாலைக் காப்பகங்களை நடத்தி வந்தனர். பல்லாண்டுகள் கழித்து, 1997ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அவை குழந்தை நலச் சட்டத்தில் இடம் பெற்றன. அச்சட்டம் பிள்ளைக்குத் தர வேண்டியதாகக் கூறுவது விளையாடுவதற்கும் வாழ்வதற்கும் தக்க ஓர் இடம், பாடம் அன்று. பிள்ளை ஒன்றுக்கு 1.65 சதுர மீட்டர், நம் அளவில் ஏறத்தாழ 18 சதுர அடி, இருக்க வேண்டுமென்பது அவர்களது அளவு. இருபது பிள்ளைகளுக்கு 360 சதுர அடி. நம் சங்கங்கள் பலவற்றின் கூட்ட மண்டபம் இதனினும் பெரிது. மாலையில் அது பூட்டியே கிடக்கிறது.

பணம்? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இருபது பிள்ளைகள், மாதம் 25 நாட்கள், நாளொன்றுக்கு ஒரு பிள்ளைக்குச் சுண்டலும் பாலும் 8 ரூபாய் எனில் 4,000 ரூபாய். பார்த்துக்கொள்ளும் பெண்கள் இருவருக்குத் தலைக்கு 4,000 வீதம் 8,000. ஆக 12,000. பெற்றோர் பிள்ளைக்கு 300 செலுத்தினால் 6,000 வரும். எஞ்சிய 6,000 ஆண்டுக்கு 72,000 ஆகிறது. 600 அங்கத்தினர் உள்ள சங்கத்தில் இது ஆளுக்கு மாதம் பத்து ரூபாய். தம் ஊர் விலைவாசிக்கு ஏற்ப அங்கத்தினர் இதனைத் திருத்திக்கொள்ளலாம்.

இத்தகைய செலவு சங்கத்தின் வேலையா என்னும் ஐயம் எழும். நமக்கே எழுந்ததுண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சங்கம், அங்கத்தினரின் பிள்ளைகள் மாலையில் விளையாடட்டும் என்று இரண்டு கேரம் பலகைகளும் சில ஸ்கிப்பிங் கயிறுகளும் வாங்கியிருந்தது. ‘சங்க நோக்கத்திற்குப் புறம்பான செலவு’ என நாமே ஆட்சேபக் குறிப்பு எழுதினோம். செயலாளர் மறுமொழி கூறாமல் அத்தொகையைத் தம் கைப்பணத்திலிருந்து கட்டினார். பலகைகள் கிடங்கிற்குப் போயின; பிள்ளைகள் தெருவிற்குப் போயினர். வட சென்னை ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகளான காசிமா, 2024ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பைப் போட்டியில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்ற செய்தியைப் படித்தபோது அக்குறிப்பு நினைவிற்கு வந்து உறுத்திற்று.

சட்டத்தை அப்போதே நாம் நன்கு புரட்டியிருக்க வேண்டும். 1912ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கச் சட்டமே, நிகர இலாபத்தில் கால் பங்கைச் சேம நிதிக்கு ஒதுக்கிய பின், எஞ்சியதில் பத்து விழுக்காட்டிற்கு மேற்படாத தொகையைப் பதிவாளரின் இசைவுடன் அறச் செயல்களுக்குச் செலவிட இடமளித்தது. கல்வியும் அவற்றுள் ஒன்று. அதற்கும் முன்னர், இங்கிலாந்தில் ராச்டேல் நெசவாளர் 1844ஆம் ஆண்டு தொடங்கிய சங்கம் தன் உபரியில் நூற்றுக்கு இரண்டரை வீதம் கல்விக்கு ஒதுக்கி, நூலகமும் படிப்பறையும் நடத்திற்று. 1995ஆம் ஆண்டு மான்செஸ்டரில் கூடிய அனைத்துலகக் கூட்டுறவு மாநாடு, சமுதாய நலன் பேணுதலை ஏழாவது கொள்கையாக ஏற்றது. அச்சங்கத்தின் மீது நாம் சொல்லியிருக்கத் தக்க குறை ஒன்றே. நிர்வாகக் குழுத் தீர்மானமும் பேரவை ஒப்புதலும் இன்றி, வரவு செலவுத் திட்டத்தில் சேர்க்காமல் வாங்கினர். அது நடைமுறைக் குறை; திருத்தக் கூடியது. நோக்கத்தில் குறையில்லை.

சென்னை மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்க 1920ஆம் ஆண்டு வழி செய்த பிட்டி தியாகராயரும் வட சென்னையில் நெசவுத் தொழில் நடத்தியவரே என்பதை நெசவாளர் அங்கத்தினருக்கு இடையே நினைவூட்டுகிறோம். பசித்த பிள்ளை பாடம் கேளாது என்று தெளிய அவருக்கு அறிக்கைகள் தேவைப்படவில்லை.

நடத்தும் முறை பற்றி ஒன்றை மட்டும் வற்புறுத்துவோம். இதனை டியூஷனாக மாற்றிவிடாதீர்கள். பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்பர். நாள் முழுதும் அமர்ந்திருந்த பிள்ளை முதலில் ஓட வேண்டும், பிறகு உண்ண வேண்டும். வீட்டுப் பாடத்திற்கு அரை மணி போதும். பல்லாங்குழி, பாண்டி, தாயம், கதை, படம் வரைதல் இவற்றிற்குப் பெரிய செலவில்லை. வருகைப் பதிவேடும், பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்ற பெயர்ப் பட்டியலும் கட்டாயம் வேண்டும். பட்டியலில் இல்லாதவர் உறவினராயினும் ஒப்படைத்தலாகாது.

படிப்பு வட்டத்தார் அடுத்த கூட்டத்திற்கு வருமுன் மூன்று செய்திகளைத் திரட்டி வருவாராக. தம் சங்க அங்கத்தினர் வீடுகளில் ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகள் எத்தனை பேர். துணைவிதிகளில் பொது நல நிதி பற்றி என்ன எழுதியிருக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மேல் சங்க மண்டபத்தின் சாவி யாரிடம் இருக்கிறது.